முகாமில் எடுத்த இரத்தம் எங்கே போனது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள். 2024 நவெம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தின்போது உங்கள் குடும்பம் ஒன்பது நாள் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்திருக்கிறது. அங்கே ஒரு குழு வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து செய்கிற ஆய்வு என்று சொல்லி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேள்வி கேட்டு, உங்கள் அம்மா உட்படப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் இரத்தமும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இப்படியான கூட்டாய்வுகளால் சனத்துக்கு ஏதும் பயன் உண்டா, அடுத்த மாரிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எழுத்தில் எனக்குப் பட்டது இன்னொன்றும் உண்டு. அம்மாவின் இரத்தத்தில் என்ன இருந்தது என்று எங்கோ ஒருவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அந்த மனவருத்தம்தான் உண்மையான கேள்வி என்று நினைத்துப் பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். வேண்டாம் என்று சொல்லலாம். ஆய்வு என்றால் யாரும் எந்த நேரத்திலும் மறுக்கலாம், பாதியில் எழும்பியும் போகலாம், அதற்காக நிவாரணத்தில் ஒரு கிலோ அரிசிகூடக் குறையக்கூடாது. ஆனால் முகாமுக்குள் பேனாவோடு வருகிற எல்லாரும் ஆய்வாளர்கள் இல்லை, எல்லா ஆய்வும் வீணும் இல்லை. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பதினொரு வருடம் சுகாதார வைத்திய அதிகாரியாக வேலை செய்தேன். பிறகு சில வருடங்கள், ஆய்வு சனத்துக்குத் தீங்கில்லாமல் நடக்குமா என்று பார்த்து அனுமதிக்கிற ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒன்றில் இருந்து ஆய்வு விண்ணப்பங்களைப் படித்தேன். இரண்டு கதிரையிலும் இருந்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உங்கள் வீட்டுக்கு வந்து யாருக்குக் காய்ச்சல், எப்போது தொடங்கியது, வயலுக்குப் போனீர்களா, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் அது ஆய்வு இல்லை, நோய் பரவுவதை நிறுத்துகிற வேலை. தொற்றுநோய் என்று சந்தேகம் வந்ததும் வைத்தியர் ஒருவர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அனுப்புவார், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பி.எச்.ஐ உங்கள் படலையைத் திறக்கிறார். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிற அறிவித்தல் அது. அந்தத் தாள் வாராந்த அறிக்கையாகிக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் பாதிக்கப்படப்போவது உங்கள் பக்கத்து வீடு. ஆய்வுக் குழு வேறு. அவர்களுடைய முதல் நோக்கம் பொதுவான ஓர் அறிவைத் தேடுவது, உங்களுக்கு வைத்தியம் செய்வது அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முகாமில் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருவதால் சனத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டியது வருகிறவர்களின் கடமை.

சரி, பயன் உண்டா? 2024 டிசெம்பரை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வடியத் தொடங்கிச் சில நாட்களில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள், மர்மக் காய்ச்சல் என்று செய்தி பரவியது, சனம் பயந்து போனது. பிறகுதான் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) என்று உறுதியானது. இங்கே ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், எங்களுடைய உண்ணிக்காய்ச்சல், இந்த மூன்றும் முதல் நாலு நாள் ஒரே மாதிரித்தான் இருக்கும்: காய்ச்சல், தலையிடி, உடம்புநோ. எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்துகிற பழைய முறைக்கு உயிருள்ள கிருமிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருக்கவேண்டும், அது எல்லா இடத்திலும் முடியாது. அதோடு இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் இரத்தம் வேண்டும். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய நோயாளிக்கு இரண்டு கிழமை கிடையாது. முதல் கிழமையிலேயே கிருமியின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கிற பி.சி.ஆர் பரிசோதனைக்கு மாதிரியைச் சரியான குளிரில் சரியான ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். வோர்டில் நிற்கிற வைத்தியர், எம்.ஓ.எச், பல்கலைக்கழகத்து ஆய்வுகூடம், கொழும்பிலிருந்து வருகிற குழு, இவர்கள் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தால் அந்த மாதிரி மறுநாளே போகும். இல்லாவிட்டால் யாருடைய அனுமதி, யாருடைய வாகனம், யார் காசு என்று கடிதம் எழுதுவதிலேயே நாட்கள் போய்விடும். எலிக்காய்ச்சலில் அந்த நாட்கள்தான் உயிர்.

அந்த நேரம் வயல் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். அது வேலை செய்யுமா என்று அப்போது என்னிடம் பலர் கேட்டார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: 1980களின் தொடக்கத்தில் பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இந்த மாத்திரையும் மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கு நோய், மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர்கள் இளம் ஆண்கள், மூன்று கிழமைக்கு வந்து போனவர்கள். பிறகு அந்தமான் தீவில், எலிக்காய்ச்சல் ஊரோடு ஊறிப்போன இடத்தில், 782 பேரிடம் செய்த ஆய்வில் தொற்றுவது குறையவில்லை, தொற்றியவர்களுக்கு அது நோயாக வெளிப்படுவதுதான் குறைந்தது. எங்கள் வடமராட்சி விவசாயி பனாமாச் சிப்பாயைவிட அந்தமான் ஆளுக்குத்தான் கிட்ட. ஆகவே ஆபத்து கூடிய சில கிழமைகளுக்கு மாத்திரை கொடுப்பது நியாயம் என்று நான் நினைக்கிறேன், முழுக்கக் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஒரு ஊருக்கே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதில் சான்று இன்னும் மெலிவாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு வெள்ளம் வந்த ஊரில், வெள்ளம் வந்த கிழமையில்தான் பதில் தேடமுடியும். கோடையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

பேரிடர் நேரத்து ஆய்வு சிலவேளை உதவி செய்கிறவர்களின் நம்பிக்கையையே புரட்டிப் போடும், அதனாலும் அது வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து அம்பாறை மாவட்ட முகாம்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அன்றைக்கோ அடுத்த மூன்று நாட்களுக்குள்ளேயோ இறந்திருந்தார்கள், அதற்குப் பிறகு இரண்டரை மாதம் முகாமில் மரணமே பதிவாகவில்லை. பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறந்திருந்தார்கள், குழந்தைகளும் வயதானவர்களும் அதே மாதிரி அதிகம். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்த காலம் அது. தூர நாட்டிலிருந்து சத்திரசிகிச்சைக் கூடாரத்தோடு ஐந்தாம் ஆறாம் நாள் வந்து இறங்குவதைவிட, கரையில் இருக்கிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஓடுவதற்கு வழியும் நேரமும் கொடுப்பதுதான் உயிர் காக்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது.

கிணறுகளின் கதையும் அப்படித்தான். கடல் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து இறைத்து உப்பைப் போக்கலாம் என்று உதவிக் குழுக்கள் எல்லாம் கிழக்குக் கரையில் இரவு பகலாக இறைத்தன. கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் மட்டக்களப்புப் பக்கத்துக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தது. திரும்பத் திரும்ப இறைப்பதால் நன்மை இல்லை, சில இடங்களில் கீழிருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறி நிலைமை மோசமாகிறது, மழைதான் மெல்ல மெல்லக் கழுவுகிறது என்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய கிணறு உள்ளவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அதே போலக் கிணற்றுக்குக் குளோரின் போடுவதும். பி.எச்.ஐ ஒருவர் காலையில் ஒரு பங்குக்கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டு, பின்னேரம் வந்து சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். நல்ல இளஞ்சிவப்பு, குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் மத்தியானம் அதே கிணறு, அதே குழாய், தண்ணீர் நிறமே மாறவில்லை. கல் வெடிப்புகளுக்குள்ளால் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, அதோடு பக்கத்து வளவின் மலக்குழியும் வெள்ளத்தில் நிரம்பியிருந்தது. அன்றிலிருந்து கிணற்றுக்குப் போடுவதோடு நிறுத்தாமல், வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கவோ குடத்திலேயே குளோரின் போடவோ சொல்லிவருகிறேன்.

கூட்டு என்றால் எல்லாரும் ஒத்துப்போவது என்று சிலர் நினைக்கிறார்கள், அது ஆபத்தான எண்ணம். ஹெயிட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம், ஒக்டோபரில் வாந்திபேதி. முதலில் காலநிலை, கடல் என்று பல விளக்கங்கள் வந்தன. ஹெயிட்டி அரசு அழைத்த பிரெஞ்சுத் தொற்றுநோயியலாளர் ரெனோ பியாரூ உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களோடு ஊர் ஊராகப் போய் முதல் நோயாளிகள் எங்கே என்று தேடினார். ஆற்றோடு மேலே போகப் போக, ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு கலந்த ஓடையில் போய் நின்றது. அந்த நோய் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. தங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆனது. உதவிக்கு வந்தவரே நோயைக் கொண்டுவந்திருந்தாலும் அதைச் சொல்லக்கூடிய ஆள் கூட்டுக்குள் இருக்கவேண்டும். யாருடைய காசில் ஆய்வு நடக்கிறதோ அவருக்குப் பிடிக்காத முடிவையும் வெளியிட உரிமை உண்டா என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டிய வரி.

இனி உங்கள் மனவருத்தத்துக்கு வருகிறேன். 2005 தொடக்கத்தில் நான் புதிதாகப் படித்து முடித்த வைத்தியன். வடமராட்சி கிழக்கில் ஒரு முகாமுக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று தண்ணீர், மலசலகூடம் பற்றிய வினாக்கொத்தோடு வந்தது, நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். நாற்பத்தைந்து ஐம்பது வயது அம்மா ஒருவர், கணவரையும் வள்ளத்தையும் இழந்தவர், எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் எழுதிக்கொண்டு போறியள், திரும்பி வந்து சொல்லுவியளோ?" நான் "ஓம் அம்மா" என்றேன். அந்தக் குழு திரும்ப வரவில்லை. நானும் போகவில்லை. அந்தப் பத்துநாள் வேலைக்கு எனக்குக் காசு கிடைத்தது, அந்த அம்மாவுக்கு அவர் வாளி நிரப்பிய குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதா என்ற பதில்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஒழுக்கநெறிக் குழுவில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் திறக்கும்போது முடிவுகளை யாருக்கு, எப்போது, எந்த மொழியில் திருப்பிச் சொல்வீர்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன்.

மொழி என்றதும் ஒன்று. ஒருமுறை சென்னையில் மொழிபெயர்த்த வினாக்கொத்து ஒன்று வந்தது, நல்ல தமிழ், பிழை சொல்ல முடியாது. கடைசிக் கேள்வி: "உங்களுக்கு வேறு ஏதேனும் யோசனை உண்டா?" முகாமை மேம்படுத்த ஆலோசனை கேட்கிறார்கள். பாயில் இருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "யோசனையோ பிள்ளை, இரவிரவா யோசனைதான், நித்திரையே இல்லை" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் யோசனை என்றால் கவலை, நெஞ்சை அரிக்கிற கவலை. கேட்டுக்கொண்டிருந்த வெளியூர்ப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் 'ஆலோசனை எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மனநலம் பற்றிய வினாக்கொத்தாக இருந்தால் அந்த ஒரு சொல் முழு ஆய்வையும் பிழையாக்கியிருக்கும். ஊராரை வைத்து முன்னமே பரீட்சித்துப் பாருங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

அதைவிடப் பாரமானது சம்மதம். முகாமில் காலையில் அரிசி கொடுத்த அதே மேசையில் பின்னேரம் சம்மதப் படிவம் வைத்தால், கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கு அரிசி வராது என்றுதான் ஆள் நினைப்பார். யாழ்ப்பாணத்தில் இன்னுமொரு அடுக்கு இருக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று போர்க்காலத்தில் எழுதிக்கொடுத்த பட்டியல்களால் சனம் பட்டபாடு எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு பேனாவைக் கண்டாலே மனம் சுருங்கும், வாய் "ஓம்" என்று சொல்லும். அந்த "ஓம்" சம்மதம் ஆகாது. சுனாமி முடிந்த வருடமே இலங்கை ஆய்வாளர்கள் இதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், அனுமதி இல்லாமலும் ஒழுங்கு இல்லாமலும் வந்து ஆய்வு செய்தவர்களைப் பற்றியும் பேசினார்கள். 2016இல் வெளிவந்த சர்வதேச மருத்துவ ஆய்வு ஒழுக்கநெறி வழிகாட்டியில் பேரிடர்க்கால ஆய்வுக்கென்றே தனியாக ஒரு விதி இருக்கிறது. அவசரம் என்றாலும் மீளாய்வு வேண்டும், நிவாரணத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது, ஊரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளவேண்டும். விதி நல்லாகத்தான் இருக்கிறது. வெள்ளத்துக்கு நடுவில் அதைப் பார்த்துப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் எனக்குக் கவலை.

இரத்தம் ஏன் வெளிநாட்டுக்குப் போகிறது என்றால், பலவேளை நேர்மையான காரணம் உண்டு. சில மாதிரிகளை மைனஸ் எண்பது பாகை குளிரில் வைத்திருக்கவேண்டும், அந்தப் பெட்டி விலை கூடியது, மின்சாரம் போனால் ஜெனரேற்றர் வேண்டும், வெள்ள நேரத்தில் முதலில் போவதே மின்சாரம்தான். சில பரிசோதனைகளை இங்கே செய்யவே முடியாது. அப்படி அனுப்பினால் கூடவே ஒரு ஒப்பந்தமும் போகவேண்டும்: எதற்காக அனுப்புகிறோம், மிச்சத்தை என்ன செய்வார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கு எடுத்தால் யாரிடம் கேட்பார்கள். இந்தோனேசியா 2007இல் பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைத் தரமாட்டோம் என்று நிறுத்தியது. எங்கள் நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸில் செய்கிற தடுப்பூசியை எங்களாலேயே வாங்க முடியாது என்றால் ஏன் தரவேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் 2011இல் இன்புளுவென்சா மாதிரிகளுக்கும் அதன் பலனைப் பகிர்வதற்கும் உலக சுகாதார அமைப்பில் ஒரு சட்டகம் வந்தது. மாதிரி கொடுக்காததால் உலகம் கண்காணிப்பை இழந்ததும் உண்மை, அதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் கேட்டதில் பிழை இல்லை.

என்னிடம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொன்னால், நேரத்தை மாற்றுவேன். இந்தக் கூட்டுகள் எல்லாம் கார்த்திகையில் பிறக்கின்றன, ஆடி ஆவணியில் பிறக்கவேண்டும். எங்கள் மழை எப்போது வரும் என்று குழந்தைக்கும் தெரியும். மழைக்கு மூன்று மாதம் முன்னமே வினாக்கொத்து யாழ்ப்பாணத் தமிழில் தயாராக இருந்தால், ஒழுக்கநெறிக் குழு அதை முன்கூட்டியே படித்து நிபந்தனையோடு அனுமதித்திருந்தால், எந்த மாதிரி எந்த ஆய்வுகூடத்துக்கு என்று எழுதி வைத்திருந்தால், வெள்ளம் வந்த அன்று இடத்தின் பெயரையும் திகதியையும் நிரப்பினால் போதும். உலகத்துக்கே இந்தப் பாடம் விலை கொடுத்துத்தான் கிடைத்தது. மேற்கு ஆபிரிக்காவில் எபோலா 2014 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி ஒன்று கனடா ஆய்வுகூடக் குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருந்தது. கினி நாட்டில் அதைப் பரீட்சிக்கிற ஆய்வு தொடங்கியது 2015 மார்ச்சில். ஒவ்வொரு நோயாளியையும் சுற்றியிருந்தவர்களை ஒரு வளையமாக எடுத்து, சில வளையங்களுக்கு உடனேயும் மற்றவற்றுக்கு 21 நாள் கழித்தும் ஊசி போட்டார்கள், ஆகவே ஒருவருக்கும் இல்லை என்று மறுக்காமலே ஒப்பிட முடிந்தது. கினி சுகாதார அமைச்சு, உலக சுகாதார அமைப்பு, நோர்வே, எல்லைகளற்ற மருத்துவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது, நன்றாகவும் செய்தார்கள். உடனே ஊசி போட்ட வளையங்களில் பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனால் தொடங்கவே ஒரு வருடம். அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் 11,000க்கு மேல்.

இங்கேயே நல்லபடி நடந்த ஒன்றும் சொல்லவேண்டும். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஜேர்மனிய ஆய்வாளர்கள் உள்ளூர் உளவளத்துணையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு அவர்களைக் கொண்டே சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொல்லவைக்கிற முறை, மற்றப் பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இதில் உறுதி எவ்வளவு என்று கேட்டால், 31 பிள்ளைகள் மிகக் குறைவு, சிகிச்சையே பெறாத குழு இல்லை, ஆகவே காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளூர் ஆட்கள் குறுகிய பயிற்சியோடு இதைச் செய்ய முடியும் என்று தெரிந்தது. குழு விமானம் ஏறிய பிறகும் பயிற்சி பெற்ற அந்த ஆட்கள் இங்கே இருப்பார்கள். பணம் கொட்டி நடக்கிற திட்டங்களில் இதற்கு எதிர்மாறாக நடப்பதையும் கண்டிருக்கிறேன், எம்.ஓ.எச் அலுவலகத்தில் நல்லாக வேலை செய்தவரைத் திட்டம் கூடிய சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டுபோய், கிளினிக் ஆளில்லாமல் கிடக்கும்.

கூட்டாய்வுகள் மொத்தத்தில் உயிர் காக்கின்றனவா என்று நேரடியாக அளந்து காட்டிய ஆய்வு என்று நான் நம்பிக் கைகாட்டக்கூடியது இல்லை. இருப்பவை பெரும்பாலும் நடந்ததை விவரிக்கிற கட்டுரைகள், அதுவும் செய்தவர்களே எழுதியவை. மேலே சொன்ன உதாரணங்களில் நன்மை தெரிகிறது, தோற்றுப்போன கூட்டுகள் கட்டுரையாக வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாரிக்கு யாராவது வந்தால் இவற்றைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இது நோய் விசாரணையா, ஆய்வா? ஆய்வென்றால் எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது, அனுமதி இலக்கம் என்ன? இங்கே பொறுப்பானவர் யார், நாளைக்கு நான் போனால் எந்த அறையில் இருப்பார்? தமிழில் விளக்கத்தாள் ஒன்று என் கையில் தருவீர்களா? இரத்தம் எங்கே போகும், முடிவில் எனக்கு ஆபத்தான ஏதும் இருந்தால் எத்தனை நாளில் சொல்வீர்கள்? நேர்மையான குழுவென்றால் இதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் பதில் வரும், தாளும் வரும். இழுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுங்கள்.

அம்மாவின் இரத்தத்துக்கு இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடுத்த திகதி, பள்ளிக்கூடத்தின் பெயர், குழு சொன்ன பல்கலைக்கழகம், ஞாபகம் இருந்தால் வந்தவரின் பெயர், இவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் பகுதி எம்.ஓ.எச் அலுவலகத்தில் நேரே கொடுங்கள். முகாமுக்குள் யார் வந்து போனார்கள் என்று பெரும்பாலும் அங்கே அல்லது பிரதேச செயலகத்தில் ஒரு பதிவு இருக்கும். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுச் செயலாளருக்கு அதே தாளின் பிரதியை அனுப்புங்கள். முறைப்பாடு வந்தால் ஆய்வாளரிடம் விளக்கம் கேட்பது அவர்கள் வேலை. அந்தக் குழு அனுமதியே எடுக்கவில்லை என்றால் அதுவும் அப்போது தெரியவரும். அம்மாவுக்கு இப்போது காய்ச்சலோ மஞ்சளோ சிறுநீர் குறைவோ இருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவேண்டாம், பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளத்துக்குள் நின்றவர் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். விளக்கத்தாள் ஏதாவது தந்திருந்தால் பெயர், இலக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.